எல்.கே.ஜி., யு.கே.ஜி. பெற்றோருக்கு: ஸ்நாக்ஸ் டப்பா பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன பெற்றோர் கூட்டத்தில் உங்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை சோறே சாப்பிட மாட்டேங்குது மிஸ்." டானிக் வாங்கிக் கொடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறீர்கள். டானிக்குக்கு முன்னால் ஸ்நாக்ஸ் டப்பாவைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம்.

இடைவேளை 10.45க்கு, சாப்பாடு 12.15க்கு. நடுவில் இருப்பது ஒன்றரை மணி நேரம். கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமை மட்டும் நக்கிவிட்டு, பிஸ்கட்டைப் பத்திரமாகத் திரும்ப டப்பாவில் வைத்து மூடுகிற வித்தையை எல்.கே.ஜி.யில் தினமும் பார்க்கலாம். கூடவே ஒரு ஜூஸ் பாக்கெட்டும் உள்ளே போனால் மதியம் தயிர்சாதம் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. 200 மில்லி மாம்பழ பானத்தில் சர்க்கரை பெரும்பாலும் 20 கிராமைத் தாண்டும், அதாவது 5 டீஸ்பூன். பாக்கெட்டின் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வருவது, ஒரு நாள் சாப்பாட்டில் கிடைக்கும் மொத்தச் சக்தியில் (கலோரியில்) 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 4 வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் நாள் முழுவதற்குமே சுமார் 4 டீஸ்பூன்தான் வருகிறது.

அதனால் வரும் திங்கள் முதல் கிரீம் பிஸ்கட், சிப்ஸ், பாக்கெட் ஜூஸ், சாக்லேட் வேண்டாம். பொடி தடவிய குட்டி இட்லி, கேழ்வரகுப் புட்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, குழைய வெந்த சுண்டல், முட்டை எதுவானாலும் சரி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதெல்லாம் நடக்காது என்றால் ஒரு வாழைப்பழம் போதும். பழம் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று சொல்லும் பாட்டிகளுக்கு: சளி வருவது கிருமியால், பழத்தால் அல்ல. டப்பா கட்டுவது பல வீடுகளில் நீங்கள்தான் என்பதால் இந்தக் கடிதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. வேர்க்கடலையை முழுதாகக் கொடுத்தனுப்பாதீர்கள். இந்த வயதில் அது மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு. பொடித்து உருண்டை பிடித்துத் தரலாம். திராட்சை என்றால் நீளவாக்கில் நறுக்கி அனுப்புங்கள்.

காலையில் டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கிறது. முருங்கைக்கீரை சமைத்த அன்று எலுமிச்சை, நெல்லிக்காய் ஏதாவது சேர்த்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை ஆயா அம்மா வரிசையில் நிறுத்திச் செய்ய வைக்கிறார். வீட்டிலும் தொடருங்கள்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுப்பதும் இனி இல்லை. விருப்பமிருந்தால் வகுப்பு அலமாரிக்கு ஒரு கதைப் புத்தகம் தாருங்கள். பாட்டும் கைதட்டலும் எங்கள் பொறுப்பு. ஆசிரியர் அறையிலும் கிரீம் பிஸ்கட்டை நிறுத்தியாகிவிட்டது. அங்கே முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

ஒவ்வாமை, மருந்து, மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாடு ஏதேனும் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் டைரியில் எழுதி அனுப்புங்கள். நேரில் பேச வேண்டுமென்றால் மாலை 3.30க்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்