பேய் எங்கே வந்தது, ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன இதழில் ஜப்பானின் யொருஷிகா இசைக்குழுவைப் பற்றி வந்த அரைப்பக்கத்தைப் படித்தேன். "பழைய பேய்க்கதை ஒன்றுக்கு உயிர் கொடுத்த பாட்டு" என்று அதில் ஒரு வரி. 2021 ஜூனில் வந்த 'மத்தசபுரோ'வைச் சொல்கிறீர்கள். அது ஜப்பானிய எழுத்தாளர் மியாசாவா கென்ஜியின் 'காற்றின் மத்தசபுரோ' கதையிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததா என்ன!

அந்தக் கதையில் பேய் எங்கே இருக்கிறது? செப்டம்பர் 1 அன்று மலைப்பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குச் செம்பட்டை முடியோடு புதுப் பையன் ஒருவன் வருகிறான், இவன் மத்தசபுரோ என்ற காற்றின் பிள்ளையாக இருப்பானோ என்று மற்ற பிள்ளைகளுக்குச் சந்தேகம், அவ்வளவுதான். உங்கள் பேயின் அப்பா மாலிப்டினம் என்ற உலோகத்தைத் தோண்ட வந்த கம்பெனி உத்தியோகஸ்தர். பக்கத்தில் ஒருவன் தன் தங்கச்சியின் பென்சிலைப் பிடுங்கிக்கொள்ள, அவள் அழ, இந்தப் பேய் தன்னிடம் இருந்த அரைப் பென்சிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் கணக்கு வகுப்பில் கரித்துண்டால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. நல்ல பேய்!

அடுத்தது, உயிர் கொடுத்தார்களாம். நான் ஜப்பானில் மொரியோகா நகரத்தில் 2 வருஷம் வாடகை அறையில் இருந்தவன். மியாசாவாவின் ஊரான ஹனமாகி அங்கிருந்து பக்கம். செப்டம்பர் பிறந்து காற்றில் ஜன்னல் சட்டம் ஆட ஆரம்பித்தால், எழுபதைத் தாண்டிய வீட்டுக்காரம்மா "தொத்தொதொ தொதோதொ" என்று கதையின் முதல் வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்து கொக்கி போடுவார். பாட்டு வெளிவருவதற்குப் பல வருஷம் முந்தைய சங்கதி இது. அதே காற்றுச் சத்தம்தான் பாட்டிலும் வருகிறது. எழுதிய நபுனாவும் பாடிய சுயிஸும் காற்றை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஊரே அடைந்து கிடந்த கொரோனா காலத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். யூடியூப் எண்ணிக்கைக்கு மட்டும் உங்களுக்கு இடம் இருந்தது.

இது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு மியாசாவாவை மியாசாகி ஆக்கினீர்கள், அனிமேஷன் படம் எடுப்பவர் வேறு ஆள் ஐயா. அப்புறம் ஜப்பானிய உடையான கிமோனோ என்று போட்டு ஒரு கொரியப் பெண்ணின் படம். அதற்கு நான் எழுதிய 2 பக்கக் கடிதத்தில் "இதழ் நன்றாக இருந்தது" என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்து என்னைக் கௌரவித்தீர்கள். மியாசாவா உயிரோடிருந்தபோது வெளிவந்தவை 2 புத்தகங்கள்தான், இரண்டும் 1924இல். 1933இல், 37 வயதில் போய்விட்டார். இந்தக் கதை அச்சில் வந்தது அதற்கு அடுத்த வருஷம். அந்த மனுஷனின் பெயரையாவது சரியாகப் போடக்கூடாதா?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் "அது பேய்க்கதை அல்ல, பள்ளிக்கூடக் கதை" என்று ஒரு வரி போடுங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம், என் ராசியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பென்சில் விஷயத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

இன்னும் சந்தாவை நிறுத்தாத
ஒரு வாசகன்