வழியில் யார் வீடும் இல்லை, அம்மாயி

மெல்போர்ன்,
மார்ச் 15.

அன்புள்ள அம்மாயிக்கு,

இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு அத்தனை தூரம் காருல எதுக்குச் சாமி போறீங்க?" என்று கேட்டீர்கள். நான் மூச்சுவிடாமல் பத்து நிமிடம் பதில் சொன்னேன். ஒன்றும் உங்கள் காதில் விழவில்லை. "சரி சரி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனை மாமா கையில் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். மாமா பொண்ணை விட்டு நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவள் பத்தி பத்தியாகத் தாண்டிப் போவாள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரிய பேத்தி சிட்னியில் வீடு வாங்கித் தை மாதம் பால் காய்ச்சியபோது எங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. அக்காவுக்கு இன்னும் அந்த மனத்தாங்கல் போகவில்லை. அதனால் ஈஸ்டர் லீவுக்கு வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லீவு நாளில் டிக்கெட் விலை கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. தள்ளுவண்டி, இரண்டு குழந்தை சீட்டு, துணி மூட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் அங்கே இறங்கினாலும் மறுபடி ஒரு கார் வேண்டும். சரி, நம் காரிலேயே போவோம் என்று முடிவு செய்தோம். 880 கிலோமீட்டர்.

நாம் பழனிக்குப் போனது நினைவிருக்கிறதா? சென்னிமலையிலிருந்து காங்கயம், தாராபுரம், அப்புறம் பழனி. மொத்தம் நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். காங்கயத்தில் சின்ன அப்புச்சி வீட்டில் காப்பி குடிக்காமல் தாண்ட முடியாது. தாராபுரத்தில் பெரியத்தை சோறு போடாமல் விடாது. தம்பி அப்போது கைக்குழந்தை, வழியெல்லாம் உங்கள் மடியில்தான். ஒரு தடவை அமராவதிப் பாலம் தாண்டியதும் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். அப்புச்சி வண்டியை ஓரங்கட்டினார். ரோட்டோரம் ஒரு வீடு, வாசலில் வேப்பமரம். யார் எவர் என்று கேட்காமல் அந்த வீட்டம்மா உள்ளே போய்த் தன் பழைய சேலையை எடுத்துவந்து கிளையில் தூரி கட்டிக் கொடுத்தார். தம்பி ஒரு மணி நேரம் தூங்கினான். நாம் திண்ணையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம், அவர்களுக்கும் கொடுத்தோம். பயணத்துக்குத் திட்டம் என்று யாராவது அன்றைக்கு ஒரு வரி எழுதியிருப்பார்களா?

இங்கே அந்த 880 கிலோமீட்டரில் நமக்குத் தெரிந்த வீடு ஒன்றுகூட இல்லை அம்மாயி. அதனால்தான் மூன்று வாரமாக நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த ஊரில் கக்கூஸ் இருக்கும், எங்கே நிழல் இருக்கும், எங்கே பையன் ஓடி விளையாட ஊஞ்சலும் சறுக்கலும் இருக்கும், எங்கே பால் சுடவைக்கலாம் என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை அதைப் பார்த்து, "நீ என்ன கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போறியா?" என்று சிரிக்கிறார்.

நீங்கள் கேட்ட அடுத்த கேள்வி, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டால் அழாதே என்பது. இங்கே மடியில் வைக்கக் கூடாது, அது சட்டம். ஆறு மாதம் வரை குழந்தையைப் பின்பக்கம் பார்த்த மாதிரிதான் சீட்டில் கட்டவேண்டும். அதற்கப்புறம் நாலு வயது வரை தோள்பட்டையும் இடுப்பும் சேர்த்துக் கட்டும் வார் வைத்த சீட்டு. ஏழு வயது வரை ஏதாவது ஒரு குழந்தை சீட்டு இருந்தே ஆகவேண்டும். எங்கள் கார் மாதிரிப் பின்சீட்டு உள்ள வண்டியில் நாலு வயதுக்குக் கீழே முன்னால் உட்காரவைப்பதும் குற்றம். பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, முன்பக்கம் திருப்பலாம். ஆனால் மோதினால் கழுத்துக்கு இதுதான் பத்திரம் என்று இன்னும் பின்பக்கம் பார்த்தே வைத்திருக்கிறோம். அழுதாலும் பால் கேட்டாலும் வண்டியை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். முதலில் எனக்கும் இது ஈவிரக்கம் இல்லாத சட்டமாகத்தான் தெரிந்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்தில் ஒரு லாரி உரசுகிற மாதிரிப் போன அன்றைக்கு அந்த எண்ணம் போய்விட்டது.

அப்புறம், அந்தச் சீட்டில் குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறார்கள். சாய்ந்தே கிடந்தால் மூச்சுக்கும் நல்லதில்லை, முதுகுக்கும் நல்லதில்லை. ஓட்டுகிறவரும் இரண்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி நிற்கவேண்டும். ஆக, கணக்கு போடுவது பாப்பாதான், நாங்கள் அவள் பின்னால் போகிறோம்.

ஒத்திகை பார்க்கலாம் என்று போன மாதம் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெண்டிகோ போய் வந்தோம். அந்தக் காலத்தில் தங்கம் தோண்டிய ஊர். அந்த ஊரைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறு. கிளம்பும்போது பெரியவன் பாலும் வாழைப்பழமும் வயிறு முட்டச் சாப்பிட்டான். காரில் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று கையில் டேப்லெட்டைக் கொடுத்தேன். குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவன் பாதி வழியில், "அம்மா, வாய் தண்ணியா இருக்கு" என்றான். மூன்றரை வயதுப் பையன் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நிமிடம் தெரிந்துவிட்டது. நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, அடுத்த பிரிவு வரும் வரை அப்படியே போனோம். அவன் சட்டை, சீட்டு, வார், கொக்கி எல்லாம் பால். பாப்பா அண்ணனைப் பார்த்து அழ, அவன் அவளைப் பார்த்து அழ, உங்கள் மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கிவிட, உள்ளே ஒரே காற்று இரைச்சல். அந்த வாரை மிஷினில் போடக் கூடாதாம். பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தையல் இடுக்கில் காய்ந்த பாலைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. இன்னும் வெயில் அடித்தால் லேசாக மோர் வாசம் வரும்.

அதிலிருந்து டேப்லெட் வண்டி நிற்கும்போது மட்டும்தான். கிளம்புவதற்கு முன் பாதி வயிறு, பால் கிடையாது. மாற்றுத் துணி டிக்கியில் இல்லாமல் என் காலடியில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு செட், எனக்கும் ஒரு சட்டை. துடைக்கிற துணி, பிளாஸ்டிக் பை, பையன் அவசரத்துக்கு உட்கார ஒரு சின்னப் பாட்டி. (வாசிக்கிறவள் சிரிக்க வேண்டாம். இங்கே குழந்தை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகிற டப்பாவுக்குப் பேரே பாட்டிதான்.)

நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒருக்களித்து உட்கார்ந்து வரவேண்டும். உங்கள் மாப்பிள்ளை முதலில், "ஒன்பது மணி நேரந்தானே, ஒரே மூச்சில் போய்விடலாம்" என்றார். பெண்டிகோவுக்கு அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. மூன்று நாள் பயணம் என்று ஆகிவிட்டது.

முதல் நாள் ஆல்பரி, சுமார் 325 கிலோமீட்டர். அங்கே முர்ரே ஆறுதான் எங்கள் மாநிலத்துக்கும் அக்கா இருக்கிற மாநிலத்துக்கும் எல்லை. ஊருக்குப் பக்கத்தில் ஹியூம் அணை என்று பெரிய அணை இருக்கிறது. மாமா கேட்கிற முதல் கேள்வி எனக்குத் தெரியும், அதனால் கணக்குப் போட்டே வைத்துவிட்டேன். சுமார் 106 டிஎம்சி தண்ணீர் பிடிக்கும். நம் பவானிசாகர் 32.8, மேட்டூர் 93.47. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, இது 1936-ல். அப்புச்சி பவானிசாகரில் மண் சுமந்த கதையைச் சொல்லும்போதெல்லாம், "இந்தத் தண்ணி வாய்க்காலுக்கு வந்த அன்னிக்குத்தான் நம்ம காடு வயலாச்சு" என்பார். இந்த ஆற்றுத் தண்ணீரை நம்பியும் இப்படித்தான் காடு கழனி இருக்கிறது. அணைமேல் நின்று போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இரண்டாம் நாள்தான் நீளம், கோல்பர்ன் வரை சுமார் 360 கிலோமீட்டர். வழியில் ஹோல்புரூக் என்று ஒரு சின்ன ஊர். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ஊர் நடுவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பாதி புல்தரையில் படுத்திருக்கிறது. முதல் உலகப்போரின்போது ஜெர்மன் பேராக இருந்த ஊர்ப் பேரை மாற்றி, ஹோல்புரூக் என்ற நீர்மூழ்கித் தளபதியின் பேரை 1915-ல் வைத்தார்களாம், அந்த உறவில் வந்த கப்பல். பெரியவனுக்குப் படத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து, "கப்பல் எப்பம்மா, கப்பல் எப்பம்மா?" என்று உயிரை எடுக்கிறான். எனக்கும் வசதிதான், கப்பல் வரும்வரை அழாமல் வருவான்.

கோல்பர்னில் உங்களுக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. மூன்று மாடி உயரத்துக்கு, 15 மீட்டர், சிமெண்டில் ஒரு செம்மறிக் கிடா. 1985-ல் கட்டியிருக்கிறார்கள். ஊரைச் சுற்றிப் பைபாஸ் வந்ததும் வண்டிகள் உள்ளே வருவது நின்று வியாபாரம் படுத்துவிட்டது. 2007-ல் கிடாவையே பெயர்த்துக் கொண்டுவந்து நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். நம் ஊர்களில் பைபாஸ் வந்து படுத்த காப்பிக்கடைகளுக்கு இந்த யோசனை தோன்றவில்லை. மூன்றாம் நாள் அங்கிருந்து சிட்னி 200 கிலோமீட்டர்தான்.

இந்த ரோட்டில் பாதி தூரம் வரை முன்பு வேலை விஷயமாக ஒரு தடவை போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தால் ஆடு மாடு மேய்கிற நம் காங்கயத்துக் கொறங்காடு மாதிரியே இருக்கும் அம்மாயி. காய்ந்த மஞ்சள் புல், நடுநடுவே ஒற்றை மரம், அதன் நிழலில் ஆடுகள். கிளுவை வேலிக்குப் பதில் கம்பி வேலி. ஆனால் ஆடு மேய்க்கிற ஆளைக் காணவே முடியாது. மணிக்கணக்காகப் போனாலும் தூக்குப்போசியோடு ஒருத்தர் நடந்து வருவதைப் பார்க்க முடியாது. அதுதான் எனக்கு என்னமோ போல இருந்தது.

ஆனாலும் ஆளே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்களுக்கு வழியில் மோர்ப்பந்தல் போடுவோமே, நீங்கள்கூட அண்டா நிறைய மோர் கரைத்து அனுப்புவீர்களே, அந்த மாதிரி இங்கேயும் ஒன்று உண்டு. லீவு நாட்களில் நெடுஞ்சாலை ஓரம் அந்தந்த ஊர் ஆட்கள் கொட்டகையில் நின்று, ஓட்டுகிறவர்களுக்குக் காசு வாங்காமல் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். தூங்கிப்போய் மோதிவிடக் கூடாது என்பதற்காக. ஈஸ்டர் சமயத்தில் இருக்கும் என்கிறார்கள். டீ தண்ணியாகத்தான் இருக்கும், அதற்கென்ன.

இருட்டிய பிறகு ஓட்டவே மாட்டோம், கவலை வேண்டாம். திம்பத்தில் யானைக்குப் பயப்படுகிற மாதிரி இங்கே கங்காரு. விடிகிற நேரமும் பொழுது சாய்கிற நேரமும்தான் அது ரோட்டுக்குக் குறுக்கே தாவும். பிள்ளைகள் தூங்கும் என்று விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பச் சிலர் யோசனை சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேகத்துக்கும் பயம் வேண்டாம். எல்லை தாண்டினால் ஈஸ்டர் நாட்களில் தப்புக்கு லைசென்ஸில் குற்றப்புள்ளியை இரட்டிப்பாகப் போடுவார்கள், உங்கள் மாப்பிள்ளை அதற்கே அடங்கி ஓட்டுவார்.

சாப்பாடு நம் கட்டுச்சோறுதான். முதல் நாளுக்குப் புளிசோறு, கடலை உருண்டை. கச்சாயம் சுடலாம் என்று பார்க்கிறேன், போன தடவை எண்ணெயில் பிரிந்து போய்விட்டது. பாகுப் பதம் எப்படி என்று மாமா பொண்ணிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தங்குகிற அறையில் சின்ன அடுப்பும் குக்கரும் இருப்பதாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன், ராத்திரிக்கு அரிசிம்பருப்பு வைத்துவிடுவேன். பாப்பாவுக்கு ராகிப் பால் காய்ச்சுகிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டித்தான்.

நாள் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை கிளம்புகிறோம். அன்றைக்குத் தெற்கே சூலம், நாங்கள் போவது வடகிழக்கு. எமகண்டம் ஏழரையோடு முடிகிறது, எட்டு மணிக்கு வண்டி எடுத்தால் பாப்பா காலைத் தூக்கத்துக்கும் சரியாக இருக்கும். ராகு காலம் ஒன்றரைக்கு, அந்நேரம் எங்காவது பூங்காவில் சோறு தின்றுகொண்டிருப்போம். சனிக்கிழமைதான் கொஞ்சம் உதைக்கிறது, கிழக்கே சூலம். அதற்கும் பரிகாரம் தயிர்தானே. கோல்பர்னில் ஆளுக்கு ஒரு கரண்டி தயிர் வாயில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம், பாப்பாவுக்கு நாக்கில் தொட்டு வைத்துவிடுகிறேன்.

உங்கள் பேத்தி