ஓட்டு கேக்குறதுக்கு முன்னாடி ஃபைலைக் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்ல கவுன்சிலருக்கு சுயேச்சையா நின்னு தோத்தவன் நான். தோத்தது வருத்தம்தான், ஆனா அதை விட மனசுல குத்திக்கிட்டே இருக்குறது வேற ஒண்ணு. வீடு வீடா ஓட்டு கேட்டுப் போனப்போ ஒரு அம்மா, "நம்ம வார்டுக்கு போன வருஷம் எவ்வளவு ஒதுக்குனாங்க, அதுல என்ன வேலை பாத்தாங்க, சொல்லு தம்பி"ன்னு கேட்டாங்க. "ஜெயிச்சு வந்து கண்டிப்பா கேக்குறேம்மா"ன்னு சொல்லிட்டு நகந்துட்டேன். ரெண்டு வீடு தாண்டுனப்புறம்தான் உறைச்சுது, இதைக் கேக்க கவுன்சிலரா ஆகணும்னு என்ன இருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லயே வந்தாச்சே, குடிமகனா இருந்தாலே போதுமே.

அன்னைக்கு ராத்திரியே மனு எழுதிட்டேன். ஆனா நாள் கணக்கு பாத்தப்போ வயித்தைக் கலக்கிருச்சு. 2022ல தேர்தல் அறிவிப்பு வந்தது ஜனவரி 26, ஓட்டுப்பதிவு பிப்ரவரி 19, நடுவுல 24 நாள்தான். ஆபீஸ்ல இந்த மாதிரி மனுவுக்கெல்லாம் பதில் சொல்ற பொதுத் தகவல் அலுவலருக்கு சட்டம் குடுக்குற டைம் 30 நாள். அதாவது அறிவிப்பு வந்த அன்னைக்கே ஓடிப்போய் மனு குடுத்திருந்தாலும், அவங்க ஒரு தப்பும் பண்ணாம, சட்டப்படியே, ஓட்டு எண்ணி முடிச்சப்புறம் பதில் அனுப்பலாம். பதில் சரியில்லன்னு முதல் மேல்முறையீடு போனா அதுக்கு இன்னொரு 30 நாள், அதை 45 வரைக்கும் இழுக்கலாம். இலங்கைல 2016ல வந்த தகவல் அறியும் சட்டத்துல 14 வேலை நாள்ல முடிவு சொல்லணும், நமக்கு அது கூட இல்ல.

மனுவை நேர்ல குடுக்கப் போன இடத்துல, "எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களாமே, இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க"ன்னு கேட்டாங்க. நானும் பயந்து போய் ஏதேதோ விளக்கம் சொல்லிக்கிட்டு நின்னேன். சொல்லவே வேண்டியதில்லைங்க. எதுக்குக் கேக்குறேன்னு காரணம் சொல்லத் தேவையில்லன்னு 6(2) பிரிவு தெளிவா சொல்லுது, அடுத்து நிக்கப்போறவங்க இந்த ஒரு பிரிவையாவது மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க.

இன்னொரு தப்பும் பண்ணேன். "எங்க தெருவுக்கு ஏன் ரோடு போடல"ன்னு எழுதிட்டேன். ரிசல்ட் எல்லாம் வந்தப்புறம் ஒரே வரில பதில் வந்துச்சு, இதுக்கு ஆவணம் எதுவும் இல்லன்னு. ஏன் எதுக்குன்னு கேட்டா இப்படித்தான் வரும், இருக்குற பேப்பரைத்தான் அவங்க குடுக்கணும். அதனால மன்றக் கூட்டத் தீர்மான நகல், ஒர்க் ஆர்டர், எஸ்டிமேட், எம் புக் (முடிச்ச வேலையை அளந்து எழுதுற அளவீட்டுப் புத்தகம்), பில் குடுத்த விவரம், தணிக்கை அறிக்கைன்னு பேப்பர் பேரைச் சொல்லிக் கேக்கணும். நகல் நிறைய இருக்கும்னு தோணுச்சுன்னா நேர்ல வந்து ஃபைலைப் பாக்குறேன்னு கேக்கலாம், உக்காந்து குறிப்பும் எடுத்துக்கலாம், அதுக்கும் சட்டத்துலயே இடம் இருக்கு. எம் புக்கை மட்டும் விட்டுறாதீங்க, எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம்னு அளந்து எழுதுனது அதுலதான் இருக்கும், அதைக் கைல வச்சுக்கிட்டு தெருவுல டேப் போட்டுப் பாத்தாலே பாதி உண்மை வெளிய வந்துரும்.

உண்மையைச் சொன்னா பட்ஜெட், செலவுக் கணக்கெல்லாம் யாரும் மனு போட்டுக் கேக்க வேண்டியதே இல்ல. அவங்களாவே வெளியிடணும்னு 4வது பிரிவு சொல்லுது, அதுவும் சட்டம் இயற்றுன 120 நாளுக்குள்ள. நிக்கிறவன் சொத்து, கேஸ் எல்லாம் ஓட்டு போடுறவங்களுக்குத் தெரியணும்னு சுப்ரீம் கோர்ட் 2002ல சொல்லிருச்சு, நல்ல விஷயம், ஆனா அவன் எந்த கஜானாவுக்குக் காவலா போறானோ அதோட கணக்கும் ஓட்டுப்பதிவுக்கு முன்னாடியே எல்லார் கண்ணுலயும் படணும்ல. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவா இருந்தாலும், கடைசி அஞ்சு வருஷ தீர்மானங்களையும் வார்டு வாரியான செலவையும் தேர்தல் தேதி அறிவிக்குறதுக்கு முன்னாடி வெப்சைட்ல போட்டே ஆகணும்னு அரசு ஒரு உத்தரவு போடணும். உங்க பத்திரிகையும் இதைத் திரும்பத் திரும்பக் கேக்கணும்னு கை கூப்பிக் கேட்டுக்குறேன்.

அடுத்த தடவையும் நிப்பேன். இந்த வாட்டி தேதி வர்ற வரைக்கும் காத்திருக்கல, ரெஜிஸ்டர் தபால்ல மனு அனுப்பிட்டேன், அக்னாலட்ஜ்மென்ட் கார்டும் திரும்ப வந்துருச்சு. பதில் வந்ததும் மொதல்ல அந்த அம்மா வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போகணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்