கெய்ன்ஸ்வில் மாப்பிள்ளைக்கு, நாளை இரவு ஆட்டம் பற்றி

கேட்டி, டெக்சஸ்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று இரவிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலைப் படமாக அனுப்பித் தள்ளுகிறாய். உன் அம்மா எனக்குத் தனியாக போன் போட்டு, "ராமநவமி அன்னைக்கு எதுக்குடா இவன் முதலையா அனுப்புறான்?" என்று கேட்டார். கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டம் அக்கா, திங்கள் இரவு சான் அன்டோனியோவில், அவன் படிக்கிற, முதலையைச் சின்னமாகக் கொண்ட புளோரிடாவும் எங்கள் ஊர் ஹியூஸ்டனும் மோதுகின்றன என்று விளக்கினேன். "ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க" என்று வைத்துவிட்டார். அடித்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் வாதத்தை முடித்துவிடுகிறேன். இந்த சீசனில் நாங்கள் தோற்றது நான்கே ஆட்டங்கள். ஆபர்ன், அலபாமா, சான் டியாகோ ஸ்டேட், டெக்சஸ் டெக். இதில் மூன்று அணிகளை நீங்கள் அடித்திருக்கிறீர்கள், ஆகவே கோப்பை உங்களுக்கு என்கிறாய். கணக்கு சரி, ஆனால் கூடைப்பந்து இந்தக் கணக்கில் நடப்பதில்லை. முதல் மூன்று தோல்விகளும் நவம்பரில், புதிதாக வந்த மிலோஷ் ஊஸான் ஆட்டத்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டாகப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவை. அந்த நான்கில் மூன்று சமநிலையில் முடிந்து, ஓவர்டைம் என்ற கூடுதல் நேரம் வரை போனவை. டெக்சஸ் டெக்கிற்கு அவர்கள் ஊரான லப்பக்கிலேயே போய்த் திருப்பிக் கொடுத்தாயிற்று. பிப்ரவரி 1க்குப் பிறகு எங்களை யாரும் ஜெயிக்கவில்லை, தொடர்ந்து 18 வெற்றிகள். உங்களுக்கும் எங்களுக்கும் இப்போது ஒரே கணக்குதான்: 35 வெற்றி, 4 தோல்வி.

எனக்குத் தோன்றுவது வேறு கணக்கு. இந்தத் தொடரில் ஐந்து ஆட்டங்களில் நீங்கள் எடுத்த மிகக் குறைந்த புள்ளி 77, அதுவும் சென்ற இரண்டு ஆண்டுகளின் சாம்பியன் யூகானுக்கு (கனெக்டிகட்) எதிராக. எங்களுக்கு எதிராக ஒரு அணி எடுத்த மிக அதிகமான புள்ளி 76, கொன்சாகா எடுத்தது. டென்னசியை முதல் பாதியில் 15 புள்ளியோடு நிறுத்தினோம். இருபது நிமிடத்துக்குப் பதினைந்து! ஆக நாளை ஆட்டமே இதுதான்: யார் யாரைத் தன் வேகத்துக்கு இழுக்கிறார்கள் என்பது. எண்பதைத் தொட்டால் உங்கள் ஆட்டம், அறுபதுகளில் நின்றால் எங்கள் ஆட்டம்.

எங்கள் ஆட்டம் பார்க்க அழகாக இருக்காது என்று நீ சொல்வாய். ஒத்துக்கொள்கிறேன். முப்பது விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக்கில் இருபத்தைந்து விநாடி வரை பந்தைச் சுற்றவிட்டு, கடைசியில் எல்.ஜே. க்ரையர் யாரோ ஒருவரின் கைக்கு மேலே தூக்கி எறிவார். ஆனால் இந்த அணியின் டிஃபென்ஸை ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து பார்த்தால் அதில் ஒரு போதை இருக்கிறது. தரையில் உருளும் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு பேர் விழுகிறார்கள். எங்கள் கோச் கெல்வின் சாம்சன் 2014இல் இங்கே வந்தபோது இந்த அணியைச் சீந்த ஆளில்லை. இவ்வளவுக்கும் நான் அங்கே படித்தவன்கூட இல்லை, உன் அத்தை மாலை வகுப்பில் அக்கவுண்டிங் படித்த இடம், அவ்வளவுதான் உறவு. க்ரையர் எங்கள் கேட்டியில் பள்ளிக்கூடம் படித்த பையன் என்பதையும் சேர்த்துக்கொள்.

நேற்று அரையிறுதியில் எங்கள் ட்யூக் ஆட்டத்தை நீ முழுதாகப் பார்த்தாயா, அல்லது ஆபர்னை ஜெயித்த மிதப்பில் தெருவுக்குப் போய்விட்டாயா? எட்டு நிமிடம் இருக்கும்போது 14 புள்ளி பின்னால் இருந்தோம். உன் அத்தை டிவியை அணைக்கச் சொல்லிவிட்டாள். கடைசிப் பத்தரை நிமிடத்தில் ட்யூக் போட்ட ஃபீல்டு கோல், அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ அல்லாத கூடை, ஒன்றே ஒன்று. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, இன்னும் ஆறு புள்ளி பின்னால். இமானுவெல் ஷார்ப் மூன்று புள்ளி ஒன்று போட்டார். அடுத்து அவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே போட்ட பந்தைத் திருடினோம், எறிந்தது தவறியது, தவறிய பந்தை ஜோசப் டக்லர் எழும்பி அப்படியே கூடைக்குள் திணித்து டங்க் அடித்தார். அப்புறம் ட்யூக் ஃப்ரீ த்ரோவைக் கோட்டைவிட, தவறிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டில் அவர்களிடம் ஃபவுல் பெற்ற எங்கள் ஜவான் ராபர்ட்ஸ், ஃப்ரீ த்ரோ என்றாலே நம்மை நகம் கடிக்க வைக்கிறவர், இரண்டையும் போட்டார். ட்யூக்கின் கூப்பர் ஃபிளாக்கின் கடைசி எறிதலுக்கு முன்னால் கை நீட்டி நின்றவரும் அவர்தான். 70-67. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் இன்னும் என்னை முறைக்கிறது.

சரி, பயத்தையும் சொல்கிறேன். உங்கள் வால்டர் கிளேட்டன் என்று நீ நினைப்பாய். டெக்சஸ் டெக்கிற்கு எதிராக 30, ஆபர்னுக்கு எதிராக 34. கால் இறுதியிலும் அரையிறுதியிலும் முப்பதுக்குக் குறையாமல் எடுத்தவர் 1979இல் லேரி பேர்டுக்குப் பிறகு இவர்தான். சாய்ந்துகொண்டே, காலே தரையில் சரியாக ஊன்றாமல் எறிகிற மூன்று புள்ளிகளெல்லாம் உள்ளே போகின்றன. இருந்தாலும் எனக்கு அவரைப் பற்றிக் கவலை குறைவு, ஏனென்றால் சாம்சனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். உங்கள் ஆள் குறுக்கே நின்று ஸ்கிரீன் வைத்ததும் எங்கள் இரண்டு பேர் பாய்ந்து கிளேட்டன் கையிலிருந்து பந்தைப் பிரித்துவிடுவார்கள். இந்த வருடம் முழுக்க எல்லாக் கார்டுகளுக்கும் செய்தது அதுதான்.

என் பயம் அதற்கு அடுத்த விநாடி. இரண்டு பேர் ஒருவரிடம் போனால் மீதி மூன்று பேர் நான்கு பேரைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் பந்தை வாங்குவது உங்கள் ஆஸ்திரேலியப் பையன் அலெக்ஸ் காண்டன். உயரமான ஆளுக்கு இருக்கக் கூடாத அளவு பாஸ் போடத் தெரிந்தவன். மூலையில் வில் ரிச்சர்ட் தனியாக நிற்பார், மறு பக்கம் அலிஜா மார்ட்டின் கூடையை நோக்கி ஓடுவார். நாங்கள் தோற்றால் கிளேட்டனால் அல்ல, இந்த மூவரில் ஒருவரால்தான். இன்னொன்று, டக்லருக்கு ஃபவுல் சீக்கிரம் சேர்ந்துவிடும். உங்களிடமோ காண்டன், சின்யேலு, ஹா, ஹேண்ட்லாக்டன் என்று மாற்றி மாற்றி இறக்க நான்கு நெட்டைகள். முதல் பாதியில் டக்லர் பெஞ்சில் உட்கார்ந்தால் ரீபவுண்ட் உங்கள் பக்கம் போகும்.

பழைய கதையையும் உனக்குச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் 1983 என்று சொல்லிப் பார், முகம் மாறும். ஹக்கீம் ஒலாஜுவான், கிளைட் ட்ரெக்ஸ்லர் இருவரும் ஒரே அணியில்! தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்துவிட்டு ஆல்புகர்க்கியில் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். எதிரே நார்த் கரோலினா ஸ்டேட். யாரும் அவர்களுக்கு வாய்ப்பே தரவில்லை. ஃப்ரீ த்ரோக்களை வீணடித்து, கடைசி விநாடியில் குறைந்து விழுந்த பந்தை லொரென்சோ சார்ல்ஸ் பிடித்து உள்ளே திணிக்க, 54-52. மறுவருடம் இறுதியில் ஜார்ஜ்டவுனிடமும் தோல்வி. அதன் பிறகு இறுதி ஆட்டம் என்பது நாளைக்குத்தான். நீங்கள் 2006, 2007 இரண்டையும் வரிசையாக வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். எங்கள் அலமாரி இன்னும் காலி.

1983இல் எங்களைக் கவிழ்த்த கோச் ஜிம் வால்வானோவுக்கு அப்போது வயது 37. அதற்குப் பிறகு அவ்வளவு இளம் வயதில் யாரும் இந்தக் கோப்பையை வாங்கியதில்லை. உங்கள் டாட் கோல்டனுக்கு 39. ஜெயித்தால் வால்வானோவுக்குப் பிறகு ஜெயித்தவர்களில் மிக இளையவர் அவர்தான். எங்கள் சாம்சனுக்கு 69, ஜெயித்தால் இந்தக் கோப்பையை வாங்கிய மூத்த கோச். ஜாதகம் பார்க்கிறவன் இல்லை நான், ஆனாலும் அந்த 37, 39 பொருத்தம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு சான் அன்டோனியோ போகும் எண்ணத்தைக் கைவிட்டேன். மூன்று மணி நேர ஓட்டம்தான், பணம்தான் இடித்தது. வீட்டில்தான் பார்க்கப் போகிறேன். உனக்கு மறுநாள் காலை வகுப்பு இருக்கும், உங்கள் நேரத்துக்கு ஒன்பதுக்கு ஒட்டித்தான் தொடங்குகிறது, நீ எப்படியும் தூங்கப் போவதில்லை.

என் கணிப்பு இது. முதல் பாதியில் நீங்கள் ஐந்தாறு புள்ளி முன்னால் இருப்பீர்கள், குழுவில் மறுபடி ஆரம்பிப்பாய். கடைசி ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு ஒரு கூடை கிடைக்கவே படாதபாடு படுவீர்கள். ஹியூஸ்டன் 67, புளோரிடா 63. நீயும் உன் எண்ணை எனக்கு அனுப்பிவிடு, பந்தை மேலே எறிவதற்கு முன்னால். அதற்கப்புறம் வருவது செல்லாது.

அன்புடன்,
மாமா