பலெர்மோவிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் இன்னும் குறையவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இரவு வேலை முடிந்து வந்து வெறும் பாணோடு படுத்துவிடாதே.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் பழைய நகரத்தை நடந்தே சுற்றிக் காட்டும் ஒரு குழுவோடு நானும் போனேன். உன்னோடு லீசேயோ உயர்நிலைப் பள்ளியில் படித்த, பல்லாரோச் சந்தை மீன்கடைக்காரரின் மகள்தான் வழிகாட்டி. அவள் இப்போது உரிமம் பெற்று இதையே தொழிலாகச் செய்கிறாள். என்னை வற்புறுத்தி அழைத்தவளும் அவள்தான். நான் நாள்தோறும் வேலைக்கு விரைந்த அதே வீதிகளில் அன்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒருவர் விளக்கிச் சொல்லக் கேட்டபடி நடந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

நோர்மன் அரண்மனையில் தொடங்கினோம். 1130இல் சிசிலித் தீவின் அரசராக முடிசூடிய நோர்மானியரான இரண்டாம் ரொஜர் மன்னர் கட்டுவித்த பலத்தீனா சிற்றாலயம் அதற்குள்தான் இருக்கிறது. சுவர்களில் கிரேக்க மரபுப்படி பொன்னிறச் சில்லுகளால் பதித்த உருவங்கள், தலைக்கு மேலே இஸ்லாமியக் கைவினைஞர்கள் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய, தேன்கூட்டைப் போன்ற விதானம், கீழே லத்தீன் பூசை என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்திருப்பதைப் பார்த்தபோது, நீ சிறுவனாக இருந்தபோது பள்ளியிலிருந்து இங்கே வந்துவிட்டு இரவெல்லாம் இதைப் பற்றியே கதைத்தது நினைவுக்கு வந்தது. அன்று நான் களைத்திருந்தேன். ஆனாலும் நீ சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு பேராலயத்துக்குப் போனோம். அதன் தெற்கு வாசல் மண்டபத்துத் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் அரபு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அரபியர் ஆட்சியில் அந்த இடம் பள்ளிவாசலாக இருந்தது. 1072இல், வட பிரான்சிலிருந்து வந்த நோர்மானியர் நகரைக் கைப்பற்றி அதை மீண்டும் தேவாலயமாக்கினார்கள். இப்போதிருக்கும் கட்டடம் 1185ஆம் ஆண்டுக்குரியது. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் அந்தத் தூணை எவரும் உடைத்தெறியவில்லை. உள்ளே நம் நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் வெள்ளிப் பேழைக்கு முன்னால் நின்று, 1624இல் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் பெல்லெக்ரீனோ மலைக் குகையில் கிடைத்த வரலாற்றை அவள் சொன்னாள். அந்த மலைக்கு இலங்கைத் தமிழர்கள், சைவர்களும் உட்பட, இன்றும் வேண்டுதலோடு ஏறிப் போகிறார்கள் என்று அவள் சொன்னபோது வந்திருந்த அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

குவாத்ரோ காந்தி நாற்சந்திக்கு வந்ததும், மற்றவர்கள் நான்கு முனைகளிலும் நிற்கும் ஸ்பானிய மன்னர்களின் சிலைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த வேளையில், அவள் என் அருகே வந்து உன்னைப் பற்றி விசாரித்தாள். வேலை அதிகம், நலமாக இருக்கிறான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? பிரெத்தோரியா நீரூற்றைப் பற்றி அதன் பின் அவள் விளக்கியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. புளோரன்ஸ் தோட்டம் ஒன்றுக்காகச் செதுக்கிய அதை இந்நகரத்தார் 1573இல் விலைக்கு வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே மீண்டும் பொருத்தினார்களாம். மார்த்தொரானா ஆலயத்துக்குள்ளும் போனோம். கிறிஸ்துவே ரொஜருக்கு முடி சூட்டும் படம் அங்கே இருக்கிறது.

நடை முடியும் இடத்தில் அவள் ஒரு கல்லைப் பற்றிச் சொன்னாள். ரொஜர் மன்னரின் பாதிரியாராக இருந்த கிரிசாந்தோ என்பவர் தம் தாய் அன்னாவுக்காக வெட்டுவித்த நினைவுக்கல் அது. அன்னா 1148இல் இறந்தார். முதலில் பெரிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரை, அடுத்த ஆண்டு மகன் புனித மிக்கேல் ஆலயத்துக்கு மாற்றினார். அந்தச் செய்தியை லத்தீனிலும், கிரேக்கத்திலும், அரபு மொழியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியிலுமாக, அவரவர் ஆண்டுக்கணக்கின்படி நாள் குறித்துப் பொறிக்கச் செய்திருக்கிறார். இந்நகரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் தம் தாயின் பெயரைப் படிக்காமல் போய்விடக்கூடாது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்க வேண்டும். இதை உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை, ராசா. கேட்டதும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பதினொரு வயதிலேயே நகரசபைக்கும் வைத்தியசாலைக்கும் எங்களோடு வந்து, எங்கள் இருவருக்குமாக இத்தாலிய மொழியில் பேசிய பிள்ளை நீ. அப்படிப்பட்ட உன்னிடமிருந்து இப்போது இரண்டு வரிகூட வருவதில்லை.

வைகாசியில் நடந்ததை நான் இங்கே எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கமாட்டார், அவரிடம் நான் பேசிவிட்டேன். உன் தொலைபேசி அழைப்பு வந்தால் அவர் முதலில் மௌனமாகத்தான் இருப்பார். நீ வைத்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தக் கல் இப்போது சீசா மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்ததாக அங்கே அழைத்துப் போவதாக உன் தோழி சொன்னாள். ஜூலை 14 இரவு ரொசாலியாவின் திருவிழா ஊர்வலம் முடிந்த பிறகு போகலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் உனக்கு விடுமுறை கிடைக்குமா என்று கேட்டுப் பார். நீ லத்தீன் படித்தவன். கல்லின் அந்தப் பகுதியை நீயே எனக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா