கையெழுத்து வாஷிங்டனுடையது, எழுத்து யாருடையது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் விற்பனைக்கு உள்ள பழைய கடிதங்களின் புதிய விலைப்பட்டியல் அனுப்பியதிலிருந்து ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறீர்கள். "ஜார்ஜ் வாஷிங்டன் கடிதம் என்று போட்டுவிட்டு, 'எழுத்து உதவியாளருடையது' என்றும் போட்டிருக்கிறீர்களே, அப்படியானால் போலியா?"

போலி இல்லை. 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில், படைகளை நடத்திய வாஷிங்டனின் தலைமைப் பாசறையிலிருந்து காங்கிரசுக்கும் (அன்றைய அமெரிக்கப் பேரவை) ஆளுநர்களுக்கும் படைத் தலைவர்களுக்கும் ஓயாமல் கடிதம் போனது. அத்தனையையும் ஒருவரே உட்கார்ந்து எழுதினால் போரை யார் நடத்துவது? ராபர்ட் ஹாரிசன், டென்ச் டில்மேன், ஜான் லாரன்ஸ் போன்ற உதவியாளர்கள் எழுதினார்கள். வாஷிங்டன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். முழுக்க அவரே எழுதிய கடிதத்துக்கு விலை அதிகம், மற்றதற்குக் குறைவு. இதில் ஒரு விலக்கு உண்டு. 1777 மார்ச்சில் உதவியாளராகச் சேர்ந்தவர், பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன். அவர் எழுதி வாஷிங்டன் கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால் ஒரே தாளில் புகழ்பெற்ற இரண்டு பேர்! அதற்குக் குறைத்துக் கேட்காதீர்கள்.

புகழ் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. அமெரிக்கத் தளபதிகள் இருவரைப் பாருங்கள். ஜோசப் வாரன் 1775 ஜூனில் பாஸ்டன் அருகே பங்கர் ஹில் சண்டையில் இறந்தார். ரிச்சர்ட் மான்ட்கோமரி அதே ஆண்டின் கடைசி நாளில் கனடாவின் கியூபெக்கில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். போர் தொடங்கிய கையோடு போய்விட்டவர்கள் என்பதால், தளபதியாக அவர்கள் எழுதியது கொஞ்சம்தான். அரிதாகக் கிடைப்பதும் விலையை ஏற்றும்.

சரி, உண்மையான போலிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்றொருவர் இருந்தார். பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்து, வாஷிங்டன் எழுத்தில் காசோலையும் அனுமதிச் சீட்டும் எழுதி விற்றவர். இன்று ஸ்பிரிங்கின் போலிகளையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல! தாள் பழையது என்பதால் மட்டும் நாங்கள் எதையும் நம்பாததற்கு இவரே காரணம். மடிப்பு, அரக்கு முத்திரை இருந்த இடம், பெற்றவர் பின்புறம் எழுதி வைத்த குறிப்பு, மை தாளில் இறங்கிய விதம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம்.

அதைவிட முக்கியம், கடிதம் யார் யார் கைமாறி வந்தது என்பது. 1780 ஜூலையில் ஹாமில்டன், அமெரிக்கர்கள் பக்கம் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று மாசசூசெட்ஸ் மாநில ஆவணக் காப்பகத்திலிருந்து திருடு போயிருந்தது. வெகுகாலம் ஒரு குடும்பத்திடம் இருந்து, 2018இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அந்தக் குடும்பம் திருடவில்லை. ஆனாலும் கடிதம் மாநிலத்துக்கே சொந்தம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அசலான கடிதம்தான், ஆனால் வாங்கியவர் கையில் தங்கவில்லை. வந்த வழி தெரியாத கடிதத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நாங்கள் எடுக்காமல் விடுவது இதனால்தான். பட்டியல் சிறிதாக இருக்கிறதே என்ற குறைக்கும் இதுவே பதில்.

அப்புறம், வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அந்தக் கால மை ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் காய்ப்பும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. ஈரம் பட்டால் தாளையே அரிக்கும். அமிலமில்லாத உறையில், வறண்ட இடத்தில் வையுங்கள். உங்களிடம் உள்ள கடிதம் யார் எழுத்து என்று தெரிய வேண்டுமானால், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் மட்டும் அனுப்பினால் பாதிதான் சொல்ல முடியும்.

அன்புடன்,
கடையிலிருந்து