அன்னதானச் சோற்றை மாட்டுக்குக் கொட்டாதீர்கள்

எங்கள் ஊர்க் கோவில்களின் அன்னதான சபையினருக்கும் மண்டபம் எடுத்துக் கலியாணம் செய்கிற வீட்டாருக்கும்,

வணக்கம். ஆவணி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையால் போனாலும் ஒரு அன்னதானம் இருக்கும். நானும் பந்தியில் இருந்து இரண்டாம் தரம் சோறு கேட்கிறவன்தான். பந்தி முடிந்த பிறகு கிடாரத்தில் மிஞ்சியதை மதிலுக்குப் பின்னால் கொட்டி, "மாடு தின்னட்டும், புண்ணியம்" என்று விட்டுவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் ஒரு தேரன்று என் வெள்ளைப் பசு மேயப்போன இடத்தில் அப்படியொரு குவியலில் வாய் வைத்துவிட்டது. பின்னேரம் வந்து நின்றபோது அசைபோடவில்லை. சரி, வயிறு நிறைந்துவிட்டதாக்கும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். விடியக் கொட்டிலுக்குப் போனால் பல்லை நெருமிக்கொண்டு கிடக்கிறது. சாணி தண்ணீராய், புளித்த மா மணத்தோடு. கண் இரண்டும் குழிவிழுந்துவிட்டன. கால்நடை வைத்தியர் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "சோறு தின்றதோ?" மத்தியானம் செத்துவிட்டது. கன்றுக்கு அப்போது மூன்று மாதம்.

மாட்டின் பெருவயிறு, புல்லையும் வைக்கோலையும் நுண்ணுயிர்களால் மெல்ல மெல்லப் புளிக்கவைக்கிற பானை. அதற்குள் பீஎச் அளவு, அதாவது புளிப்பைக் காட்டுகிற எண், 6க்கும் 7க்கும் இடையில் நிற்க வேண்டும்; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். பழக்கமில்லாத மாடு ஒரேயடியாகச் சோற்றை வாரித் தின்றால் மாப்பொருள் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும்; பீஎச் 5க்கும் கீழே போய்விடும். இரத்தத்தில் உள்ள நீரை வயிறு இழுத்துக்கொள்ளும். கண் குழிவது அதனால்தான். நேரத்தோடு கண்டுபிடித்தால் வைத்தியர் அப்பச்சோடா கரைத்துப் பருக்கி, சேலைன் ஏற்றிக் காப்பாற்றக்கூடும். என்னைப் போல ஓர் இரவைத் தவறவிட்டால் கஷ்டம்.

மாட்டுப்பொங்கலுக்கு ஊட்டுகிறோமே என்பீர்கள். நானும் ஊட்டுகிறேன். ஒரு கவளம் ஒன்றும் செய்யாது. கடகக் கணக்கில் கொட்டுவதுதான் வினை. பாயாசமும் கேசரியும் கலந்திருந்தால் இன்னும் மோசம். சோறு போடுகிற பிளாஸ்டிக் தாளான லஞ்சீற்றைச் சொல்லவே வேண்டாம். சோற்று ருசியில் அதையும் விழுங்கிவிடும். அது வயிற்றுக்குள் செரிக்காமல் சுருண்டு கிடக்கும்.

மிஞ்சிய சோற்றைச் சாக்கில் பரப்பிக் காயவிடுங்கள், கோழி வளர்க்கிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மற்றதை மாடு கிளறாத ஆழத்தில் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கள். மாட்டுக்குத்தான் கொடுக்க வேண்டுமென்றால் பூசணித்தோல், கீரைத்தண்டு, சோறு வழித்த வாழையிலை இருக்கவே இருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், சீற் கலவாமல்.

வருகிற திருவிழாவுக்குக் கிடங்கு வெட்ட ஆள் இல்லையென்றால் முதல்நாளே சொல்லிவிடுங்கள். மண்வெட்டியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பால்காரன்